டேங்க் பாதிக்குக் கீழே போனால்: மதுரை லாரிப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் லாரிப் பட்டறை நடத்தும் முதலாளிமார்களுக்கும், அங்கே கை கறுக்க வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நான் ஒற்றை வண்டிக்காரன். முதலாளியும் நானே, டிரைவரும் நானே. கிளீனர் என் அக்கா மகன். 2012 மாடல் ஆறு சக்கர வண்டி, செகண்ட்ஸில் எடுத்தது. ஃபைனான்ஸ் தவணை மாதம் 14,200 ரூபாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி கீழமாசி வீதியில் அரிசி, பலசரக்கு ஏற்றித் தேனிக்குப் போவேன். திரும்பும்போது வாழைத்தார் கிடைத்தால் ஏற்றிவந்து மாட்டுத்தாவணியில் இறக்குவேன். கிடைக்காத நாளில் காலி வண்டியை உருட்டிக்கொண்டு வருவேன். இதுதான் பிழைப்பு.

சுற்றுச்சாலைப் பட்டறை ஒன்றில் எனக்கு நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். பட்டறையின் பெயரை எழுத மாட்டேன். அவர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும். மற்றவர்கள் படித்துவிட்டு “நம்மளச் சொல்றானோ?” என்று ஒரு நிமிடம் யோசித்தால் அது போதும் எனக்கு.

மூன்று மாதத்துக்கு முன் வண்டிக்கு ஒரு சீக்கு வந்தது. சமதளத்தில் ஓடும். லோடோடு ஏற்றத்தில் மிதித்தால் இரண்டு இருமல் இருமும், இழுவை போகும், அப்படியே ஆஃப் ஆகிவிடும். இறங்கி, டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்து, ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் டீசல் நுரை நுரையாகப் பொங்கும். நுரை அடங்கிச் சுத்தமாக வந்ததும் முடுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால், எதுவுமே நடக்காதது மாதிரி ஓடும். அடுத்த ஏற்றம் வரைக்கும்தான்.

உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறும் இடம் உங்களுக்குத் தெரியும். ஐந்து டன் அரிசியோடு, விடியக்காலை மூன்று மணிக்கு, அந்த ஏற்றத்தில் வண்டி நின்றால் எப்படி இருக்கும் என்று பட்டறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பின்சக்கரத்துக்குக் கல் வைக்க மருமகன் இருட்டில் ஓடுவான். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலேயே நம் குலத்தை விசாரிப்பார். ஒரே வாரத்தில் மூன்று தடவை இப்படி. பாண்டி கோயில் பக்கம் போகும்போது நிறுத்தி எலுமிச்சம்பழமும் நசுக்கிப் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகுதான் பட்டறை.

ஃபோர்மேன் சாவியை வாங்கி ஒரு தடவை ரேஸ் பண்ணினார். புகையைப் பார்த்தார். “ஏர் பிடிக்குதுன்னா பம்ப்புதான். பம்ப் வேலை” என்றார். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பைச் சொல்கிறார். மொத்தம் இரண்டு நிமிடம். வண்டி எப்போது நிற்கிறது, எங்கே நிற்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் நிற்கிறது என்று ஒரு கேள்விகூட இல்லை.

என் மருமகன்தான் மெல்ல ஆரம்பித்தான். “மாமா, டேங்க் நிறைச்ச அன்னைக்கு வண்டி நிக்கவே இல்ல. பாதிக்குக் கீழ போனாத்தான் இந்த வம்பு பண்ணுது.”

ஃபோர்மேன் சிரித்தார். “டேய், டீசல் டேங்க் அங்கிட்டு இருக்கு, பம்ப்பு இங்கிட்டு இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்னடா? போ, போயி ஆறு டீ வாங்கிட்டு வா.”

நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

“எவ்வளவுண்ணே ஆகும்?” என்று கேட்டேன். “பத்து, பன்னெண்டு ஆகும். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.” “பாத்துச் செய்ங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம் ஊர்ப் பட்டறைகளில் எஸ்டிமேட்டும் ஒப்பந்தமும் கையெழுத்தும் எல்லாமே இந்த ஒரு சொல்தான். ‘பாத்துச் செய்ங்க.’ பார்த்துத்தான் செய்தார்கள்.

ஒன்பது நாள் வண்டி நின்றது. முதல் நாலு நாள் “பம்ப்பு பெஞ்சுக்குப் போயிருக்கு”, அதாவது பம்ப்பை ஓட்டிச் சோதிக்கும் மெஷினுக்கு. அடுத்த மூணு நாள் “எலிமென்ட்டு மெட்ராஸ்ல இருந்து வரணும்”; பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் பாகம் அது. அதன்பிறகு போனை எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவர்களே கூப்பிட்டார்கள்.

பில் என்று ஒரு துண்டுச் சீட்டு. தலைப்பில்லை, நம்பரில்லை, தேதிகூட இல்லை. எலிமென்ட், டெலிவரி வால்வு, சீல் கிட் எல்லாம் சேர்த்து 17,600. பெஞ்சில் ஏற்றி அளவு சரிபார்க்கும் கலிபரேஷனுக்கு 4,500. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் நாலு, ஒன்று 2,200 வீதம் 8,800. ஃபில்டர் இரண்டு 1,150. கழற்றி மாட்டிய கூலி 7,000. கடைசியில் ‘இதர செலவு’ என்று 2,300. ஆகமொத்தம் 41,350 ரூபாய். பத்து, பன்னிரண்டு என்று கிளம்பிய தொகை நாற்பதைத் தாண்டும்வரை எனக்கு ஒரு போன் இல்லை. நாசில் மாற்றப் போகிறோம் என்று சொல்லியிருந்தால், வேண்டாம், முதலில் பம்ப்பை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்ப்போம் என்றாவது சொல்லியிருப்பேன்.

“இதர செலவுன்னா என்னண்ணே?” என்று கேட்டதற்கு, “காட்டன் வேஸ்ட்டு, டீசல், பசங்க பேட்டா, எல்லாந்தான்” என்றார். அந்த ஆறு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

பணம் கட்டினால்தான் வண்டி. வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்து 30,000 கட்டினேன். பாக்கி 11,350-ஐ மாசக் கடைசியில் தருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தேன். கிளம்பும்போது ஃபோர்மேன் அக்கறையாக ஒன்று சொன்னார்: “பம்ப்பு புதுசு மாதிரி. டேங்க்க ஃபுல் பண்ணி ஓட்டுங்க.”

ஃபுல் பண்ணினேன். வண்டி பறந்தது. தேனிக்கு ஒரு நடை போய்வர நூற்றைம்பது கிலோமீட்டர். முதல் நடையில் கணவாயை மூச்சுவிடாமல் ஏறியது. இரண்டாம் நடையும் அப்படியே. நாற்பதாயிரம் போனாலும் வண்டி சரியாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவது நடையில், அதே கணவாயில், அதே வளைவில், இரண்டு இருமல். ஆஃப்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. டேஷ்போர்டில் டீசல் முள்ளை விரலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டினான். முள் பாதிக்குக் கீழே இருந்தது.

தெரிந்த லாரிக்காரர் ஒருவர் சங்கிலி போட்டு உசிலம்பட்டிக்கு இழுத்து வந்து விட்டார். அங்கே வேப்ப மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். எழுபது வயதுக்குக் குறையாது. கண்ணாடியில் ஒரு பக்கக் கம்பிக்குப் பதில் நூல். போர்டுகூடக் கிடையாது. அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“எப்பல்லாம் நிக்குது?” “காலி வண்டியிலயும் நிக்குதா?” “நின்ன அன்னைக்கெல்லாம் டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?”

மூன்றாவது கேள்விக்கு நான் முழித்தேன். மருமகன் நோட்டைப் பார்த்தவன் மாதிரி ஒவ்வொரு நாளாகச் சொன்னான். பெரியவர் அவனைப் பக்கத்தில் வரச் சொல்லி, “அப்பு, நீயே கண்டுபிடிச்சிட்டியேடா. பெறகு எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?” என்றார்.

அதன்பிறகுதான் எழுந்தார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்தார். மூடியில் இருக்கும் காற்று ஓட்டை அடைத்திருந்தாலும் டேங்க்குக்குள் காற்று புகாமல் பம்ப்பு இழுக்கத் திணறும். அப்படி இருந்தால் திறக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வரும். சத்தம் வரவில்லை. அடுத்து ஒரு பத்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, கேபினுக்குப் பின்னால் கட்டி, புது ஹோஸ் ஒன்றை அதிலிருந்து நேராக, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தார். வண்டியின் டேங்க்கை அப்படியே ஓரங்கட்டிவிட்டார். ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிடம் ரேஸ் செய்தார். பேரையூர் ரோட்டில் லோடோடு ஒரு சுற்றும் போய்வந்தோம். ஓர் இருமல்கூட இல்லை.

“பம்ப்பு, நாசிலு, ஃபில்டரு எதுலயும் கோளாறு இல்ல. கோளாறு கேனுக்கு அங்கிட்டு இருக்கு” என்றார். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயைக் கழற்றி எடுத்தார். ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, குழாயை வாளித் தண்ணீரில் அமுக்கி, மறுமுனையில் ஊதினார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குழாயின் நடுவில், துருப்பிடித்த ஓர் இடத்தில் இருந்து வரிசையாகக் குமிழ்கள்.

டேங்க் நிறைந்திருக்கும்போது அந்த ஓட்டை டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும். ஓட்டை வழியாகவும் டீசலைத்தான் உறிஞ்சும். அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. டீசல் பாதிக்குக் கீழே இறங்கியதும் ஓட்டை வெளியே வந்துவிடும். பம்ப்பு காற்றையும் சேர்த்து உறிஞ்ச ஆரம்பிக்கும். சமதளத்தில் கொஞ்சம் காற்றோடு சமாளித்து ஓடும். ஏற்றத்தில் டீசல் அதிகம் கேட்கும்போது படுத்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டு டீசல்கூட வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரத்தைத் தேடினால் கண்டுபிடிக்கவே முடியாது. இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. எனக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது.

குழாயைக் கழுவி, டேங்க்குக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய்ப் பித்தளை வைத்துப் பற்றவைத்தார். பற்றவைப்புக்கு 200, வாஷர் இரண்டுக்கு 40, கூலி 400. மொத்தம் 640 ரூபாய். அதற்கும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை டேங்க் கால்வாசிக்கு இறங்கியும் கணவாயை ஏறியிருக்கிறேன்.

மறுநாள் சுற்றுச்சாலைப் பட்டறைக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. குழாயைப் பற்றிச் சொன்னேன். ஃபோர்மேன் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதலாளிதான் பேசினார்.

“சரி, குழாயில ஓட்டை இருந்துருக்கு. அதுக்காகப் பம்ப்புல வேலை இல்லன்னு ஆயிருமா? பன்னெண்டு வருசத்துக்கு மேல ஓடுன பம்ப்பு. இன்னைக்கு இல்லாட்டியும் நாளைக்குச் செஞ்சுதான் ஆகணும். இப்ப புதுசாயிருச்சு. உங்களுக்கு நல்லதுதானே?”

பழைய எலிமென்ட்டைக் காட்டுங்கள் என்றேன். “எடைக்குப் போட்டாச்சு.” பெஞ்சில் ஏற்றியதும், பிரிப்பதற்கு முன்னால் ஒரு ரீடிங் எடுப்பார்களே, அந்தச் சீட்டையாவது கொடுங்கள், பம்ப்பு உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று பார்க்கலாம் என்றேன். “அதெல்லாம் யாரு வச்சிருக்கா?” மாற்றியது தேவையா, தேவையில்லையா என்று சொல்லக்கூடிய இரண்டே பொருள்கள். ஒன்று எடைக்குப் போயிற்று, இன்னொன்றை யாரும் வாங்கவே இல்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்கே செய்துவிட்டோம் என்ற பேச்சு எனக்குப் புரியாமல் இல்லை. காய்ச்சல் என்று போனவனுக்குக் கண்ணில் புரை எடுத்து அனுப்பினால் பார்வை தெளிவாகத்தான் இருக்கும். காய்ச்சல்?

அண்ணன்மாரே, அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றுக்காரர் என்றால் ஆளை மாற்றிக்கொண்டு போய்விடுவேன், மடல் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஸ்பேர்ஸ் கடைக் கமிஷன் ஊரறிந்த விஷயம், அதற்குள்ளும் நான் போகவில்லை. அந்த ஃபோர்மேன் பம்ப்புதான் என்று மனசார நம்பினார். இருபது வருடத்தில் நூறு வண்டியில் அவர் ஊகம் சரியாக இருந்திருக்கும். என் வண்டியில் தப்பிவிட்டது. ஊகம் தப்பலாம். தப்பியபோது அந்தச் செலவு முழுவதும் ஏன் என் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. நான் ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கியர்பாக்ஸை உடைத்தால் அது என் செலவு. லோடு நனைந்தால் நஷ்டத்தை நான் தருகிறேன், கீழமாசி வீதிக் கடைக்காரர் ஒரு மூட்டைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். என் தொழிலில் என் தப்புக்கு நான் பணம் தருகிறேன். உங்கள் தொழிலில் உங்கள் தப்புக்கும் நான்தான் தருகிறேன்.

எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை இது. ஒத்தக்கடை நண்பர் ஒருவருக்கு வண்டி இழுக்கவில்லை, கறும்புகை. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது என்று மாற்றினார்கள். புது டர்போவிலும் அதே புகை. கடைசியில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்ப்புக்கு அடியில் ஒரு பிளவு. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், காற்றழுத்தம் ஏறும்போது வாயைப் பிளக்கும். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்துப் பார்த்திருந்தால் அரை மணியில் தெரிந்திருக்கும். இன்னொருவருக்கு எர்த் கேபிள் துருவுக்கு டைனமோ மாற்றினார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு கதை இருக்கிறது.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதுமே “சீக்கிரம் பாருண்ணே, லோடு நிக்குது” என்று உங்கள் கழுத்தில் உட்காருகிறோம். அரை நாள் சோதனை பண்ணி, “அண்ணே, வாஷர்தான், அம்பது ரூவா” என்று நீங்கள் சொன்னால், சோதனைக்குக் கூலி தர மூக்கால் அழுகிறோம். “அம்பது ரூவா சாமானுக்கு ஐநூறு ரூவா கூலியா?” என்று கேட்டவன் நானே. பெரிய சாமானை மாற்றினால்தான் கூலி கிடைக்கும் என்று உங்களுக்குப் பழக்கிவிட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. பாக்கி வைத்துவிட்டு அடுத்த பட்டறைக்கு ஓடுகிற ஆட்கள் எங்களிலும் இருக்கிறார்கள்.

உங்கள் கஷ்டமும் தெரியும். பதினான்கு, பதினைந்து வயதில் ஸ்பேனர் பிடித்தவர்கள் நீங்கள். காதால் கேட்டு, மூக்கால் மோந்து தொழில் படித்தவர்கள். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 4 என்ற புகை விதி வந்தது. 2020 ஏப்ரலில் நடுவில் ஒரு படியைத் தாண்டி நேராக பிஎஸ் 6. இப்போது புது வண்டி வந்தால் ஸ்கேனர் வேண்டும், சென்சார் தெரிய வேண்டும், புகையைச் சுத்தம் செய்யும் யூரியா டேங்க்கைப் பற்றித் தெரிய வேண்டும். யார் உங்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. இந்த நிலையில் ஒருத்தர் “எனக்குத் தெரியல” என்று சொன்னால் தொழிலில் மதிப்புப் போய்விடும் என்று பயப்படுவது மனித சுபாவம்தான்.

ஆனால் எனக்கு வேண்டியது அந்தச் சொல்தான். “தெரியல. ரெண்டு மூணு இடத்துல இருக்கலாம். முதல்ல சும்மா சோதிக்கக்கூடியதைச் சோதிச்சுப் பாப்போம். அதுக்கு இவ்வளவு கூலி.” இப்படிச் சொல்லும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். சோதனைக் கூலி ஆயிரம் ரூபாய் என்றாலும், இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன். 41,350 பார்த்தவனுக்கு ஆயிரம் பெரிதில்லை.

விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னதற்காக எரிந்துபோன ஊர் என்று நம் ஊருக்கு ஒரு கதை உண்டு. அவ்வளவு தூரம் போகவேண்டாம். சாவியை வாங்கியதும் டிரைவரை உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். கிளீனர் பையன் ஏதாவது சொன்னால் அவனை டீ வாங்க அனுப்பாதீர்கள். ராத்திரி முழுக்க அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருபவன் அவன்தான். டீசல் கோளாறு என்றால் டேங்க் மூடியில் ஆரம்பித்து இன்ஜினை நோக்கி வாருங்கள். இன்ஜினில் ஆரம்பித்து டேங்க்குக்கு வந்தால் வழியில் இருக்கும் விலை உயர்ந்த சாமான் எல்லாம் மாறிவிடும். சொன்ன தொகையைத் தாண்டப் போகிறது என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு போன் போடுங்கள், எத்தனை மணியானாலும் எடுப்பேன். கழற்றிய சாமானை ஒரு சாக்கில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். எடைக்குப் போட வேண்டுமானால் நான் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். நீங்கள் சொன்ன கோளாறு தப்பு என்று பின்னால் உறுதியானால், சாமான் விலையை நான் தருகிறேன், அது என் வண்டியில்தான் இருக்கிறது. கூலியை விட்டுவிடுங்கள். நஷ்டத்தில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. இப்படி ஒரு வழக்கத்தை நீங்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டால், அடுத்த தடவை இரண்டு நிமிடத்தில் யாரும் பம்ப் வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டத்தையும் விசாரித்தேன், மறைக்கவில்லை. பணம் தரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170. வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுத்தவன் கூலி தரும்வரை, தீட்டியவன் அதை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே உதாரணம் போட்டிருக்கிறது என்று வக்கீல் நண்பர் காட்டினார். அதே பிரிவில், எந்த நோக்கத்துக்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அதன்படி வேலை செய்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நான் ஒப்படைத்த நோக்கம், வண்டி ஏற்றத்தில் நிற்கக் கூடாது என்பது. பம்ப்பைப் புதுசாக்கித் தாருங்கள் என்று நான் கேட்கவே இல்லை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த வேலைக்கு முறையான பில் கொடுக்காமல் விடுவதே முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. சரக்கு வண்டி என்பதால் வணிக நோக்கம், இந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த் தரப்பு வாதம் பண்ணும், அதற்கும் தயாராகப் போக வேண்டும் என்றார் நண்பர். எனக்கு அதில் ஆசை இல்லை. ஒரு வாய்தாவுக்கு ஒரு நடை போகும். ஆயுத பூஜைக்குப் பொரிகடலையும் பழமும் வாங்கிக்கொண்டு அதே பட்டறைக்குத்தான் பத்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைத்தவன் கோர்ட்டில் போய் நிற்க மனசு வரவில்லை.

அதனால் நான் முடிவு செய்திருப்பது இதுதான். பாக்கி 11,350. அதில் கழற்றி மாட்டிய கூலி 7,000-ஐயும் இதர செலவு 2,300-ஐயும் தரமாட்டேன். மிச்சம் 2,050. அதை ஒரு கவரில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். புதன், சனி ராத்திரி எட்டு மணிக்கு மேல் வண்டி கீழமாசி வீதியில்தான் லோடு ஏற்றும். தேதி போட்டு, பட்டறைப் பெயர் போட்டு, என்னென்ன சாமான் மாற்றினார்கள் என்று எழுதிய பில்லைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நான் இல்லாவிட்டால் மருமகன் இருப்பான், கவர் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
செக்கானூரணிப் பக்கத்து ஒற்றை வண்டிக்காரன்